தமிழ்க் கணினிகள் அனுப்பும் இணக்க அறிக்கை: இயங்குதளம் தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

இந்திய மொழிகளில் லினக்ஸ் இயங்குதளம் தொகுத்து வழங்கும் குழுக்களுக்கு,

வணக்கம்.

எந்தக் கணினியில் எந்த பிரிண்டர் ஓடுகிறது, எந்த கிராஃபிக்ஸ் கார்டில் திரை கறுத்துப் போகிறது, எந்த மென்பொருளில் தமிழ்த் தட்டச்சு உடைகிறது என்பதையெல்லாம் கணினி தானாகவே உங்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டைத்தான் தானியங்கி இணக்க அறிக்கை என்கிறோம். அதை ஏற்கெனவே சேர்த்தவர்களுக்கும், அடுத்த வெளியீட்டில் சேர்க்க நினைப்பவர்களுக்கும் இந்த மடல். எழுதுபவர்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, கோபாலபுரம் பக்கம் கணினி சர்வீஸ், பள்ளி ஆய்வகப் பராமரிப்பு, மென்பொருள் மொழியாக்கம் ஆகிய வேலைகளில் இருப்பவர்கள்.

இங்கே ஆட்சிமொழி மலையாளம், வீட்டில் பேசுவது தமிழ். சேவை மையத்து மேசையில் இருக்கும் ஒரே கணினியில் பொள்ளாச்சிக்கு அனுப்பும் தமிழ் விண்ணப்பமும் அடிப்பார்கள், பஞ்சாயத்துக்குக் கொடுக்கும் மலையாள விண்ணப்பமும் அடிப்பார்கள். கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் கணினிப் பாடம் நடத்துவதால், லினக்ஸ் இங்கே புதிதல்ல. தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகள் முதலில் தொடும் கணினியே பெரும்பாலும் அதுதான்.

அறிக்கை வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. வேண்டும் என்றுதான் சொல்கிறோம். கேனன் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 இரண்டும் இந்தப் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் இன்னும் உழைக்கின்றன. முன்னதற்கு காப்ட் எனும் கேனனின் இயக்கி (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) வேண்டும். அது கேட்கும் 32 பிட் நூலகங்கள் இல்லையென்றால், இயக்கி நிறுவிய மாதிரி இருக்கும், தாள் மட்டும் வராது. பின்னதற்கு ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கணினியிலிருந்து ஃபர்ம்வேர் (பிரிண்டரின் உள்நிரல்) ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் பிரிண்டர் பச்சை விளக்கோடு சும்மா நிற்கும். இந்தச் செய்திகள் உங்களிடம் வந்து சேராவிட்டால் அடுத்த வெளியீட்டிலும் இதே கதைதான். பழைய கணினிகளுக்கான ஆதரவு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும் காலம் இது. உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பு 17.10இலேயே 32 பிட் மேசைக்கணினிப் பதிப்பை நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த, இன்னொரு லினக்ஸ் தொகுப்பான டெபியன் 13ஐ 32 பிட் இன்டெல் கணினியில் புதிதாக நிறுவ முடியாது. கணக்கில் வராத கணினிக்காக யாரும் வாதாட மாட்டார்கள்.

ஆனால், எங்கள் எண்ணிக்கை சிறியது. அனுப்பாவிட்டால் நாங்கள் உங்கள் கணக்கில் இல்லை. அனுப்பினாலோ அந்தக் கணக்கில் தனியாகத் தெரிவோம். இந்த இரண்டாவது பாதியை நீங்கள் போதிய அளவு யோசிக்கவில்லை என்பதே எங்கள் கவலை.

உபுண்டு 18.04இல் வந்த சிஸ்டம் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். செயலி, கிராஃபிக்ஸ், நினைவகம், வன்தட்டுப் பிரிவுகளின் அளவு, திரையின் தெளிவு, மொழி, நேர மண்டலம் எல்லாம் அதில் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் ரகசியமல்ல. சென்னையில் தமிழ் மொழியமைப்போடு இயங்கும் கணினிகள் ஏராளம் இருக்கும், அங்கே ஒரு கணினி கூட்டத்தில் கலந்துவிடும். அதே அறிக்கை கேரளத்து ஐபி முகவரியிலிருந்து போனால்? தமிழ் மொழியமைப்பு, 1366க்கு 768 திரை, இரண்டாம் தலைமுறை இன்டெல் கிராஃபிக்ஸ், வன்தட்டில் பிரித்த அளவு என்று நான்கைந்து வரிகள் சேர்ந்ததும், உள்ளூர் சர்வீஸ்காரர் யாரும் அது எந்தக் கடைக் கணினி என்று சொல்லிவிட முடியும். பெயர் எழுதவில்லை என்பதால் மட்டும் அது பெயரில்லாத தகவல் ஆகிவிடாது.

இன்னொரு உதாரணம் எழுத்துருப் பட்டியல். தமிழ் இணக்கத்துக்கு எழுத்துருத் தகவல் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும், அதில் நியாயமும் உண்டு. பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் டிடிபி கடைக் கணினியில் நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள் இருக்கும், ஒரு கடையின் பட்டியல் இன்னொரு கடையோடு ஒத்துப்போகாது. 2010இல் இணைய உரிமை அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் 4,70,161 உலாவிகளை ஆராய்ந்தபோது அவற்றில் 83.6 விழுக்காடு தனித்து அடையாளம் காணத்தக்கவையாக இருந்தன. அப்படி அடையாளம் காட்டியவற்றில் எழுத்துருப் பட்டியலுக்கு முக்கியப் பங்கு. ஆகவே பட்டியலைக் கேட்காதீர்கள். யூனிகோடு அல்லாத, பரவலாக வழங்கும் எழுத்துருப் பெயர்கள் சிலவற்றை நிரலிலேயே வைத்துக்கொண்டு, அவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆம் அல்லது இல்லை, அவ்வளவு போதும்.

அடையாள எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தவறு அதிகம் நடக்கும் இடம் அதுதான்.

ஒரே கணினியை இருமுறை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஏதாவது ஒரு எண் வைப்பது வழக்கம். மேக் முகவரியை (வலையட்டையின் எண்) ஹாஷ் செய்து (திருப்பிப் படிக்க முடியாத குறியாக மாற்றி) அனுப்புகிறோம், அதனால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்வார்கள். மேக் முகவரி 48 பிட். அதில் முதல் 24 பிட் தயாரித்த நிறுவனத்தின் எண், அது ஊரறிந்தது. மீதி 24 பிட்டில் மொத்தம் 1,67,77,216 வாய்ப்புகள்தான். ஒரு நிறுவன எண்ணின் கீழ் வரும் அத்தனை முகவரிகளையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண மடிக்கணினிக்குச் சில நொடிகள் போதும். ஹாஷுக்கு முன் அதனோடு சேர்க்கும் கூடுதல் எழுத்துகளான சால்ட் நிரலுக்குள்ளேயே இருந்தால் அதுவும் பயன்படாது, நிரலைத் திறந்து பார்ப்பவருக்கு அது கிடைத்துவிடும்.

அடுத்தது ஈடிசி அடைவில் இருக்கும் மெஷின்-ஐடி, அதாவது இயங்குதளம் கணினிக்குக் கொடுக்கும் தனி எண். லினக்ஸைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டியின் கையேடே அதை ரகசியமாகக் கருத வேண்டும், வலையில் வெளியிடக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அதிலிருந்து எச்மேக் (சாவி சேர்த்துச் செய்யும் ஹாஷ்) மூலம் ஒவ்வொரு செயலிக்கும் தனி எண் உண்டாக்கும் வழியும் தந்திருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் இந்த எண் வேறு விதத்தில் காலை வாரும். ஒரு கணினியில் எல்லாவற்றையும் நிறுவி, க்ளோன்ஜில்லா நிரலில் வன்தட்டின் பிம்பம் (முழுப் பிரதி) எடுத்து, மீதிக் கணினிகளில் இறக்குவதுதான் பள்ளிகளில் வழக்கம். மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்யாமல் பிம்பம் எடுத்தால், 20 கணினிக்கும் ஒரே எண். உங்கள் சர்வரில் 20 கணினியும் ஒன்றாகத்தான் தெரியும், அந்த ஒன்று நிமிடத்துக்கு நிமிடம் வன்பொருளை மாற்றிக்கொள்வது போலவும் தெரியும். எந்த மென்பொருள் பொதிகள் பயன்படுகின்றன என்று எண்ணும் டெபியனின் பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட் வைத்திருக்கும் ஹோஸ்ட் ஐடிக்கும் இதே கதிதான். பிம்பம் எடுக்கும் முன் மெஷின்-ஐடி கோப்பை அழிக்காமல், அதன் அளவை மட்டும் பூஜ்யமாக்க வேண்டும். டிபஸ் (செயலிகள் ஒன்றோடொன்று பேசும் ஏற்பாடு) அடைவில் தனிப் பிரதி இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். அடுத்த பூட்டில் புது எண் உருவாகும். உங்கள் நிறுவல் வழிகாட்டியில் இந்த மூன்று வரி இருந்தால் பெரிய உபகாரம்.

மதர்போர்டின் யூயூஐடியை (ஆலையில் பதிக்கும் தனி எண்) நம்பலாம் என்றால், அசெம்பிள் செய்த கணினிகளில் அதுவும் நடக்காது. விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் அது 03000200-0400-0500-0006-000700080009 என்ற ஆலை இயல்பு எண்ணிலேயே நிற்கிறது. நல்ல போர்டு வாங்கியவரை அது கச்சிதமாக அடையாளம் காட்டும், மலிவான போர்டு வாங்கியவர்களை ஒருவரோடு ஒருவர் குழப்பும். அந்தரங்கமும் போய், கணக்கும் தப்பு.

எண்ணே இல்லாமல் செய்ய முடியும். ஃபெடோரா என்ற லினக்ஸ் தொகுப்பில் கணினிக்கு ஒரு யூயூஐடி வைத்து எண்ணலாம் என்ற யோசனைதான் முதலில் வந்தது. எதிர்ப்புக்குப் பின் அதை விட்டுவிட்டு, 2020இல் வந்த ஃபெடோரா 32இல் வேறு வழி கண்டார்கள். அதில் மென்பொருள் நிறுவும் நிரலான டிஎன்எஃப், வாரம் ஒருமுறை பொதிப் பட்டியல் கேட்கும்போது 1 முதல் 4 வரை ஒரு இலக்கத்தைச் சேர்த்து அனுப்பும். நிறுவி முதல் வாரம் என்றால் 1, முதல் மாதத்துக்குள் 2, ஆறு மாதத்துக்குள் 3, அதற்கும் மேல் 4. வாரம் ஒருமுறை மட்டும் அனுப்புவதால் இரட்டை எண்ணிக்கை வராது. க்ளோன் செய்த ஆய்வகமும் சரியாக எண்ணப்படும். லினக்ஸ் மேசைத்திரைச் சூழலான கேடிஇயின் தொலையளவீட்டுக் (பயன்பாட்டுத் தகவல் சேகரிப்பு) கொள்கையும் தனி அடையாள எண் கூடாது என்றே சொல்கிறது.

"அப்டேட்டுக்கு முன் ஓடியது பின் ஓடவில்லை என்பது தெரிய, ஒரே கணினியைத் தொடர்ந்து பார்க்க வேண்டுமே" என்று கேட்பீர்கள். பார்க்கட்டும், கணினியே தன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். சென்ற சோதனை முடிவை உள்ளேயே வைத்துக்கொண்டு, இந்தச் சோதனை முடிவோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும், கர்னலின் (இயங்குதளத்தின் மையநிரல்) பதிப்போடு ஒரு வரி அனுப்பினால் போதும்: "எல்பிபி 2900 ஓடிக்கொண்டிருந்தது, கர்னல் 5.15இலிருந்து 6.8க்கு மாறியபின் ஓடவில்லை." சர்வரில் வரலாறு சேமிக்கத் தேவையே இல்லை.

இனி, அறிக்கையோடு ஒட்டிக்கொண்டு வெளியே போகும் சங்கதிகள். சேவை மையக் கணினியின் டவுன்லோட் அடைவைத் திறந்தால் கோப்புப் பெயர்களே ஊர்க் கணக்கைச் சொல்லும். ஆள் பெயர், அப்பா பெயர், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, வில்லங்கம் என்றுதான் பெயர் வைத்திருப்பார்கள். லிப்ரே ஆபிஸ் முறியும்போது முழு கோர் டம்ப்பை அனுப்பினால், திறந்திருந்த விண்ணப்பத்தின் எழுத்துகளும் ஆதார் எண்ணும் அந்த நினைவகப் பிரதியில் அப்படியே இருக்கும். முறிவு அறிக்கையும் இணக்க அறிக்கையும் ஒரே பொத்தானில் வரவே கூடாது. முறிவுக்கு ஃபெடோராவின் மைக்ரோ ரிப்போர்ட் நல்ல முன்மாதிரி. எந்தச் செயற்கூற்றில் முறிந்தது, பொதியின் பதிப்பு என்ன என்பது போகும், நினைவகத்தின் உள்ளடக்கம் போகாது.

கர்னல் பதிவை முழுதாக இணைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். வைஃபை இணையும்போது ரவுட்டரின் மேக் முகவரி அதில் அச்சாகும். ரவுட்டர் முகவரிகளை இடத்தோடு சேர்த்து வைத்திருக்கும் தரவுத்தளங்கள் இருக்கின்றன, அதை வைத்து கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுவரை போய்விடலாம். யூஎஸ்பி கருவிகளின் சீரியல் எண்களும் அதே பதிவில் வரும். கைரேகைக் கருவி வைத்திருக்கும் மையத்துக்கு அந்தச் சீரியல் எண்தான் மையத்தின் அடையாளமே. அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸில் பிரிண்டரின் முகவரி வரியைப் பாருங்கள், மாடல் பெயருக்குப் பின்னால் சீரியல் எண் ஒட்டியிருக்கும். திரையிலிருந்து கணினி படிக்கும் இடிஐடி தகவலிலும் சீரியல் எண்ணும் தயாரித்த வாரமும் உண்டு. வன்தட்டு தன் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையிலும் அப்படியே. கணினியின் பெயர் இதையெல்லாம் மிஞ்சும், கடைப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துத்தான் பலர் அதை வைத்திருக்கிறார்கள்.

வேண்டாததை நீக்கிவிட்டு மிச்சத்தை அனுப்பும் முறை இங்கே உதவாது. நீக்க மறந்த ஒன்று எப்போதும் இருக்கும். வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுங்கள். எங்கள் கணக்கில் ஒரு முழு அறிக்கை இவ்வளவுதான்:

கிராஃபிக்ஸ்: 8086:0102, இயக்கி ஐ915, சரி
திரை: 1366 × 768
நினைவகம்: 4 ஜிபி
அமர்வு: வேலண்ட்
பிரிண்டர்: கேனன் எல்பிபி 2900, இயக்கிப் பதிப்பு, அச்சு வரவில்லை
உள்ளீட்டு முறை: ஐபஸ், தமிழ்99
தமிழ் எழுத்துச் சோதனை: 12இல் 11 சரி
இயங்குதளப் பதிப்பு, கர்னல் பதிப்பு

இதில் 8086:0102 கருவி மாடலின் எண், ஐ915 இன்டெல் கிராஃபிக்ஸின் இயக்கி, வேலண்ட் திரை வரையும் முறை, ஐபஸ் தட்டச்சு முறைகளை நடத்தும் நிரல், தமிழ்99 விசைப்பலகை அமைப்பு. நினைவகத்தை 2, 4, 8 என்று முழு எண்ணாக்கி அனுப்புங்கள். வன்தட்டுப் பிரிவுகளின் அளவு எந்த இணக்கத்துக்கும் தேவையில்லை. நேர மண்டலத்தையும் விட்டுவிடலாம். இந்தியா முழுவதும் ஒரே மண்டலம், அதிலிருந்து உங்களுக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

மேலே சொன்ன தமிழ் எழுத்துச் சோதனை எங்களுக்கு மிக முக்கியம். பயனர் என்ன அடித்தார் என்பதைத் தொடாமலே அதைச் செய்யலாம். கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ போன்ற கூட்டெழுத்துகளை நிரலுக்குள்ளேயே வைத்து, எழுத்துகளுக்கு வடிவம் கொடுக்கும் ஹார்ஃப்பஸ் நிரல் வழியாக வடிவமைத்து, கிடைக்கும் வடிவ எண்களைச் சரியான விடையோடு ஒப்பிட வேண்டும். ஸ்ரீயை இரு வகையிலும் சோதியுங்கள். ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் யூனிகோடு 4.1 சேர்த்த ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்று போலத் தெரியும், தேடும்போது ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. கொகரத்திலும் ஒற்றைக் குறியாக வருவது, கொம்பும் காலுமாகப் பிரிந்து வருவது இரண்டையும் வையுங்கள். உள்ளீட்டு முறைக்கும் அதே வழிதான். நிரலே விசைகளைச் செலுத்தி, வெளிவரும் எழுத்தைப் பார்க்கட்டும். மனிதர் தட்டும் விசையைக் கவனித்து "பிழை விகிதம்" கணக்கிடும் நிரல், அது எவ்வளவு நல்லெண்ணத்தில் எழுதப்பட்டாலும், கடவுச்சொல்லையும் கவனிக்கும் நிரல்தான். அதை நாங்கள் எந்தக் கணினியிலும் விட்டுவைக்க மாட்டோம்.

சம்மதம் என்று வரும்போது, நடைமுறையில் யார் அந்தத் திரையைப் பார்க்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இயங்குதளம் போடுவது சர்வீஸ்காரர். முதல் பூட்டில் வரும் கேள்விகளை "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தாண்டி, கணினியைத் தயார் செய்து கொடுப்பதுதான் அவர் வேலை. உரிமையாளர் அந்தத் திரையைக் கண்ணாலேயே பார்ப்பதில்லை. உபுண்டு 18.04இல் "அனுப்பு" என்பதே முன்கூட்டித் தேர்வாகியிருந்தது. அந்த வகைத் திரைக்கு இங்கே கிடைப்பது சர்வீஸ்காரரின் அவசரம்தான், சம்மதம் அல்ல. டெபியனில் அதே கேள்விக்கு "இல்லை" என்பதே இயல்பு விடை, அதுதான் முறை. நிறுவும்போது கேட்கவே வேண்டாம். கணினி ஒரு வாரம் ஓடியபின், நிர்வாகக் கணக்கில் நுழைந்தவரிடம், அவருடைய மொழியில் கேளுங்கள். வாசகத்தை நாங்களே எழுதித் தருகிறோம்:

"இந்தக் கணினியின் கிராஃபிக்ஸ், திரை, பிரிண்டர், தமிழ் எழுத்து ஆகியவை சரியாக இயங்குகின்றனவா என்ற விவரத்தை வாரம் ஒருமுறை அனுப்பலாமா? உங்கள் பெயர், கோப்புகள், நீங்கள் அடித்த எழுத்து, கருவிகளின் சீரியல் எண் எதுவும் போகாது. போகும் விவரத்தை இப்போதே முழுதாகப் பார்க்கலாம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்."

அதன் கீழே மூன்று பொத்தான்: வேண்டாம், காட்டு, அனுப்பு. "காட்டு" அழுத்தினால் வருவது, போகப்போகும் அதே கோப்பாக இருக்க வேண்டும். அதைப் போல இன்னொன்றாக இருக்கக் கூடாது. ஜேசானை (கணினிகள் பரிமாறும் தரவு வடிவம்) அப்படியே கொட்டாமல் ஒவ்வொரு வரிக்கும் தமிழில் ஒரு விளக்கம் கொடுங்கள். தமிழ் வாசகம் ஆங்கிலத்தைவிட நீளும் என்பதால் 1366 அகலத் திரையில் பொத்தான் எழுத்து வெட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள். வெட்டுப்பட்ட "வேண்டா…" பொத்தானை அழுத்தப் பலர் தயங்குவார்கள்.

மொழி விஷயத்தில் சட்டமும் உங்களுக்கு வழிகாட்டுகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலுமோ படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. கணினி இருப்பது கேரளம் என்பதால் மலையாளம் மட்டும் போதும் என்று முடிவு செய்யாதீர்கள். ஐபி முகவரியைப் பார்த்து மொழியைத் தீர்மானிக்கும் நிரல்கள் எல்லையோரத்தில் எப்போதும் தப்பாகவே தீர்மானிக்கும். அதே சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள்தான். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும், அவர்களைக் கண்காணிக்கக் கூடாது. விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, முக்கியக் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பள்ளி ஆய்வகப் பிம்பத்தில் அறிக்கை நிரல் நிறுவப்படாமலே இருக்க வேண்டும். அணைத்து வைத்தால் போதாது, ஒரு அப்டேட் அதை மறுபடி இயக்கிவிடலாம்.

"கேட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள், மீதிப் பேர் கணினி ஆர்வலர்களாக இருப்பார்கள், கணக்கு ஒருபக்கமாகச் சாயும்" என்ற உங்கள் ஆட்சேபம் நியாயமானது. எத்தனை விழுக்காட்டினர் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்விக்கு அது பெரிய குறைதான். தானாக முன்வருபவரை மட்டும் நம்பினால் பாலக்காட்டு ஜெராக்ஸ் கடை எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

இதற்கு மாற்றாக, 1965இல் ஸ்டான்லி வார்னர் முன்வைத்த சமவாய்ப்பு விடை முறையைச் சிலர் சொல்கிறார்கள். 2014இல் குரோம் உலாவிக்காக கூகுள் வெளியிட்ட ராப்பர் அதன் வழிவந்தது. கணினி உள்ளுக்குள் நாணயம் சுண்டும். தலை விழுந்தால் உண்மையைச் சொல்லும். பூ விழுந்தால் மறுபடி சுண்டி, அதில் வருவதை ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். எந்தத் தனிக் கணினியின் "ஆம்" என்ற பதிலையும் நம்ப முடியாது, மொத்தத்தை மட்டும் கணக்கிடலாம். 1,000 கணினியில் 340 "ஆம்" வந்தால், 0.34இலிருந்து 0.25ஐக் கழித்து இரண்டால் பெருக்க வேண்டும்: உண்மை விகிதம் சுமார் 18 விழுக்காடு, ஏறக்குறைய 6 புள்ளி முன்பின். அழகான முறை, பெரிய கூட்டத்துக்கு. அதே விகிதம் 40 கணினியில் வந்தால் பிழை எல்லை 30 புள்ளி. அதாவது, ஒன்றுமில்லை என்பதிலிருந்து பாதி வரை எதுவாகவும் இருக்கலாம். கேரளத்துத் தமிழ்க் கணினிகளைப் பற்றி அதிலிருந்து நீங்கள் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

ஆனால் இணக்கம் என்பது விழுக்காட்டுக் கேள்வியே அல்ல. ஒரு பிரிண்டர் ஒரு கர்னலில் ஓடவில்லை என்பதற்கு முழுமையான, சரிபார்க்கத்தக்க ஓர் அறிக்கை போதும். பத்தாயிரம் கணினியிலிருந்து பத்தாயிரம் அரைகுறை வரிகள் வேண்டாம். எனவே எங்கள் முதன்மையான யோசனை மாதிரிக் கணினி. சர்வீஸ் கடைக்கு வரும் ஒவ்வொரு வன்பொருள் வகையிலும் ஒன்றை, உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, லைவ் பென் டிரைவில் (நிறுவாமலே ஓடும் இயங்குதளம்) பூட் செய்கிறோம். வன்தட்டை மவுண்ட் செய்வதில்லை (இணைத்துத் திறப்பதில்லை). கணினிப் பெயரும் பயனர் பெயரும் லைவ் பதிப்பினுடையவை. உரிமையாளரின் ஒரு கோப்பும் கண்ணில் படாது. சோதனையை ஓட்டி, அறிக்கையைப் படித்துப் பார்த்து, கையால் அனுப்புகிறோம். வன்பொருள் விவரம் சேகரிக்கும் எச்டபிள்யூ-புரோப் இன்றே லைவில் ஓடுகிறது. சீரியல் எண்களையும் மேக் முகவரிகளையும் அது ஹாஷ் செய்கிறது. எங்களுக்கு அவை அந்த வடிவத்திலும் வேண்டாம். தமிழ்ச் சோதனையும் பிரிண்டர் சோதனையும் சேர்ந்த சிறு நிரல் ஒன்றை லைவ் பதிப்பிலேயே வைத்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

இதிலும் குறை உண்டு. ரீபூட் கேட்கும் என்விடியா இயக்கி, நினைவகத்தை வன்தட்டின் ஸ்வாப் பகுதியில் எழுதிவிட்டு உறங்கி விழிப்பது ஆகியவற்றை லைவில் பார்க்க முடியாது. அதற்கு 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் உங்கள் இயங்குதளத்தைச் சுத்தமாக நிறுவி, சாட்டா-யூஎஸ்பி கேபிள் வழியாகவோ வன்தட்டைக் கழற்றிவிட்டோ அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். கேபிள் வழி என்றால் உறக்கச் சோதனை சில கணினிகளில் பொய் முடிவு தரும், விழிக்கும்போது யூஎஸ்பி இணைப்பு ஒரு கணம் அறுந்து கோப்பமைப்பு படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். அந்த ஒரு சோதனைக்கு மட்டும் எஸ்எஸ்டியை உள்ளே மாட்டுவதே சரி.

சர்வர் பக்கம் கேட்பவை சில. ஐபி முகவரியைப் பதிவேட்டில் எழுதவே எழுதாதீர்கள். முடிந்தால் 2024இல் ஆர்எஃப்சி 9458 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்த ஆப்ளிவியஸ் எச்டிடிபி வழியாக வாங்குங்கள். அதில் இடையிலிருக்கும் நிலையத்துக்கு முகவரி தெரியும், உள்ளடக்கம் தெரியாது. உங்களுக்கு உள்ளடக்கம் தெரியும், முகவரி தெரியாது. இரண்டையும் ஒரே நிறுவனம் நடத்தினால் பயனில்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் கணினி அறிக்கை அனுப்பாமல் காத்திருக்கட்டும்; ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டை நெட்வொர்க் மேனேஜர் பெரும்பாலும் தானே கண்டுகொள்கிறது. தனி அறிக்கைகளை ஒரு வெளியீட்டுக் காலத்துக்கு மேல் வைக்க வேண்டாம், தொகுத்த எண்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியிடும்போது மொழியையும் மாநிலத்தையும் ஒரே அட்டவணையில் குறுக்கே போடாதீர்கள். தமிழ் தனி அட்டவணை, வன்பொருள் தனி அட்டவணை. இருபதுக்குக் குறைவான எண்ணிக்கை உள்ள கட்டத்தை "20க்குக் கீழ்" என்று மட்டும் போடுங்கள். கூட்டுத்தொகையிலிருந்து கழித்து அந்த எண்ணைக் கண்டுபிடிக்க முடியாதபடி பக்கத்துக் கட்டம் ஒன்றையும் மறையுங்கள். ஆனால் "20க்குக் கீழ்" என்ற கட்டத்தை ஆதரவு நிறுத்தக் காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். எங்களைப் பாதுகாக்க மறைத்த எண்ணை வைத்தே எங்களைக் கைவிட்டால், அடுத்த முறை யாரும் "அனுப்பு" அழுத்த மாட்டார்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து தரக்கூடியவை: சம்மத வாசகமும் அறிக்கை விளக்கமும் தமிழிலும் மலையாளத்திலும், கூட்டெழுத்துச் சோதனைக்கான சொற்பட்டியல், எல்பிபி 2900, லேசர்ஜெட் 1020, இரண்டாம், மூன்றாம் தலைமுறை இன்டெல் கணினிகளில் லைவ் சோதனை முடிவுகள். உங்களிடமிருந்து முதலில் வேண்டியது புலப் பட்டியல். எந்தெந்த வரியைச் சேகரிக்கப் போகிறீர்கள், ஒவ்வொரு வரியும் எந்த முடிவெடுக்க உதவும் என்பதை, நிரலைச் சேர்ப்பதற்கு ஒரு வெளியீடு முன்னதாகவே வெளியிடுங்கள். எந்த முடிவுக்கும் உதவாத வரி அதில் இருந்தால் நாங்கள் எழுதிக் கேட்போம். பதில் வராத வரியை எங்கள் கைக்கு வரும் கணினிகளில் அணைத்துவிட்டுத்தான் உரிமையாளரிடம் ஒப்படைப்போம்.

இப்படிக்கு,
சித்தூர் வட்டத்துக் கணினிப் பராமரிப்பாளர்களும் மொழியாக்கம் செய்வோரும்
பாலக்காடு மாவட்டம்